ஆள் எடை போட்ட கம்பெனி

பச்சை பெயின்ட் அடித்த எடை மிஷின் அது. ஏறி நிற்க ஓர் இரும்புப் பலகை, முகத்துக்கு நேராகக் கடிகாரம் போல ஒரு வட்டம், அதில் நடுங்கி நடுங்கி நிற்கும் ஒரு சிவப்பு முள். பேகம்பேட்டை விமான நிலையத்தில், கழிப்பறைக்குப் போகிற வழியில் அதை வைத்திருந்தார்கள். பக்கத்தில் வெள்ளைச் சட்டையும் கழுத்தை இறுக்கிய டையுமாக என் மச்சான் நிற்பார். என் மனைவியின் அண்ணன். எண்பதுகளின் நடுவில், சின்ன ஊர்களுக்குச் சின்ன விமானம் விட ஒரு புதுக் கம்பெனி வந்தது. அதில்தான் அவருக்கு வேலை. பத்தொன்பது பேர் உட்காரும் விமானம். மொத்தக் கனம் தெரியாமல் அதைக் கிளப்ப மாட்டார்கள். அதனால் பெட்டியோடு பயணியையும் மிஷினில் ஏற்றி எடை போட வேண்டும். மச்சான் முள்ளைப் பார்ப்பார், ஒரு தாளில் குறிப்பார், எண்ணை மட்டும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். "தாங்க் யூ மேடம், இறங்கிக்கலாம்" என்பார். அவ்வளவுதான்.

நான் எதிர்க் கட்சி. சர்க்காரின் பெரிய விமானக் கம்பெனியில் லோடர். நாலாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதாக ஊரில் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது. ஆனாலும் நான் நிரந்தரம். ஒரு பெட்டியை இறக்க எங்களுக்கு நாலு பேர். ஒருவன் தூக்குவான், ஒருவன் வாங்குவான், ஒருவன் "பாத்து, பாத்து" என்பான், நான் ஜோக் சொல்வேன். பயணிகள் தொடாமல் விட்ட கட்லெட்டைத் தின்று வளர்ந்த தொப்பை என்னுடையது. மச்சான் பி.ஏ. படித்தவர். டிக்கெட் பார்ப்பது, எடை போடுவது, பெட்டியை ஏற்றுவது, பயணிகளை விமானம் வரை நடத்திப் போவது, ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பது எல்லாம் அவர் ஒருவரே. சாப்பாடு கிடையாது, ஆள் கிடையாது, அதனால் டிக்கெட் எங்களைவிட மலிவு. ஒரு வருஷம் குற்றம் குறை இல்லாமல் ஓட்டினால் நிரந்தர உத்தரவு தருவதாக அவருக்குச் சொல்லியிருந்தார்கள். முப்பத்தாறு வயது வரைக்கும் டைப் இன்ஸ்டிட்யூட், டுடோரியல் என்று அலைந்த மனுஷன். அந்த உத்தரவு வந்தபிறகுதான் கல்யாணம் என்று இருந்தார். போவன்பள்ளியில் எங்கள் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு பெண்ணைப் பார்த்தும் வைத்திருந்தோம்.

எங்களுக்கு அந்தக் கம்பெனியைக் கண்டால் ஆகாது. இன்றைக்கு ராஜமுந்திரிக்குப் போகிறவன் நாளைக்கு மெட்ராசுக்கும் போவான், நம் விமானம் காலியாகப் போகும் என்று எங்கள் யூனியன் செயலாளர் கேண்டீனில் பேசினார். அவர்கள் ஏணி கேட்டால் ஏணி ரிப்பேர். டிராக்டர் கேட்டால் டிரைவர் சாப்பிடப் போயிருப்பான். இதெல்லாம் எல்லாரும் செய்தது. நான் தனியாகச் செய்தது வேறு. எங்களுக்கு வேலை இல்லாத பகல் நேரத்தில் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு அந்த மிஷினுக்கு எதிரே தூணில் சாய்ந்து நிற்பேன். முள் நின்றதும், மோண்டா மார்க்கெட்டில் காய்கறி ஏலம் விடுகிறவன் குரலில் தெலுங்கில் கூவுவேன். கத்தரிக்காய் ஒரு மூட்டை, எழுபத்தாறு கிலோ, யார் எடுப்பது என்று. எண்ணை என்னால் அங்கிருந்தே படிக்க முடியும். நாலாம் வகுப்பு அதற்குப் போதும். பசங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். முதல் நாள் மச்சானும் சிரித்தார். அவர் அப்படித்தான். என் கல்யாணப் பந்தியில் ஆரம்பித்து, நான் வாயைத் திறந்தால் முதலில் சிரிப்பவர் அவர். கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்.

ஒரு வாரம் கழித்து காலேஜ் லெக்சரர் அம்மா ஒருவர் ஏறினார். கொஞ்சம் பருமன். நான் கூவினேன். அவர் இறங்கி, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார். பயணம் போகவில்லை. அன்று சாயங்காலம் மச்சான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் கூடவே வந்தார்.

"மாப்ளே, என்னை இன்னா வேணா சொல்லு. வர்ற பொம்பளைங்கள வேணாம்."

"ஹவ், சரி மச்சான், நாளையிலேர்ந்து உங்களையே ஏலம் போடறேன். வாங்கறதுக்குத்தான் ஆளு இல்ல."

அதற்கும் சிரித்தார். பாதி சிரிப்பு. மறுநாள் கேண்டீனில் அதையே சொல்லிக் கைதட்டல் வாங்கினேன்.

அதன்பிறகு மச்சான் ஒன்று செய்தார். யாரையும் மிஷினில் ஏற்றுவதில்லை. கிட்டப் போய், காதோடு காதாக, "உங்க வெயிட் எவ்ளோங்க?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். ஆண்களும் பெண்களும் முகம் மலர்ந்து பதில் சொன்னார்கள். மலராமல் என்ன, எல்லாரும் தங்கள் கல்யாணத்தன்று இருந்த எடையைச் சொன்னார்கள். எனக்கு ஏலம் போட மூட்டை இல்லாமல் போயிற்று. மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. பாதி சீட்டு காலியாகப் போன நாட்கள் அவை.

நாலாவது வாரம் ஒரு கல்யாணக் கோஷ்டி வந்தது. பத்தொன்பது சீட்டும் நிறைந்தது. பட்டுப்புடவை, நகைப்பெட்டி, லட்டு டின். மாப்பிள்ளையின் தாய்மாமன், கான்ட்ராக்டர், கதவில் பக்கவாட்டில் நுழைகிற ஆள், அறுபது கிலோ என்று சொன்னாராம். மச்சானும் அறுபது என்று எழுதியிருக்கிறார். பைலட் வெயிலில் நின்று ஒவ்வொருவராக நடந்து வருவதைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார், கோஷ்டியை நிறுத்தினார். மிஷினை வெளியே உருட்டி வரச் சொன்னார். தார்த்தரை கொதிக்கிற மத்தியானத்தில், விமானத்துக்கு முன்னால் வரிசையாக நிறுத்தி எல்லாரையும் எடை போட்டார்கள். நான் டிராக்டர் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு யாரும் கூவவில்லை. முள்ளே போதுமானதாக இருந்தது. நாலு பேரை இறக்கிவிட்டார்கள். அதில் பெண்ணின் சித்தியும் ஒருத்தி. முகூர்த்தம் போயிற்று என்று அந்த அம்மா அழுதது ஓடுபாதை வரைக்கும் கேட்டது. அந்தப் பத்தொன்பது பேரோடு அப்படியே கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இன்றுவரை முழுதாக நினைத்துப் பார்ப்பதில்லை.

இரண்டு நாள் கழித்து அவர்களுடைய பெரிய அதிகாரி வந்தார். கவுன்டருக்குப் பின்னால் இருந்த அறையில் விசாரணை. மச்சான் ஒளிக்கவில்லை. எடை போடாதது என் தப்பு, ஆனால் பயணிகள் மிஷினில் ஏற பயந்தார்கள், எதிர்க் கம்பெனி ஆட்கள் நின்று கேலி செய்தார்கள், அதற்குத்தான் வாயால் கேட்டேன் என்று சொல்லியிருக்கிறார். வெளியாள் தொந்தரவு என்று நிரூபித்தால் எச்சரிக்கைக் கடிதத்தோடு விடுகிறேன், இல்லையென்றால் வேலை இல்லை என்றார் அதிகாரி. சாட்சிக்கு யார் என்று கேட்டதற்கு மச்சான் என் பெயரைச் சொன்னார். என் தங்கச்சி வீட்டுக்காரர், அவரையே கேளுங்கள் என்று.

என்னைக் கூப்பிட வந்தபோது எங்கள் செயலாளர் தோளில் கை போட்டு, "குச் நக்கோ போல் மியா" என்றார். ஒன்றும் சொல்லாதே, சொன்னால் நாலு பேருக்கும் மெமோ வரும் என்று விளக்கினார். நான் உள்ளே போனேன். மச்சான் சுவரோரம் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதைத்தான் சொல்ல வேண்டும் என்று இவ்வளவும் எழுதுகிறேன். பயந்தவன் முகம் இல்லை அது. சொந்தக்காரன் வந்துவிட்டான் என்கிற முகம்.

"நீங்க அங்க நின்னு கேலி பண்ணீங்களா?" என்று அதிகாரி இந்தியில் கேட்டார்.

"நாங்க எதுக்கு சாப் பேசப்போறோம்? எங்க வேலைக்கே நேரம் பத்தல" என்றேன்.

கட்லெட் தின்னும் வாய் அது. மெமோவுக்குப் பயந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். என் வேலை போயிருக்காது, ஒரு மெமோவோடு முடிந்திருக்கும், அது எனக்கு அப்போதே தெரியும். காட்டிக் கொடுத்தவன் என்று பேர் வாங்கிவிட்டால் கேண்டீனில் என் ஜோக்குக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். அதற்குத்தான் பயந்தேன். மச்சான் டையைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்தார். அது கம்பெனி டை.

வீட்டில் அன்று என் மனைவி தட்டை வைத்துவிட்டு நின்றாள். "ஊருக்கெல்லாம் பேசற வாயிக்கு இன்னிக்கு இன்னா வந்துச்சி?" என்றாள். அந்தப் போவன்பள்ளிப் பெண்ணை அடுத்த தையில் வேறு யாருக்கோ கொடுத்தார்கள். மச்சான் மல்லாபூரில் ஒரு தொழிற்சாலையில் கேட் பாஸ் எழுதுகிற வேலைக்குப் போனார். அங்கும் டெம்பரரி. கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் பிள்ளைகளுக்கு இங்கிலீஷும் கணக்கும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். என்னோடு சண்டை போடவில்லை, பேச்சை நிறுத்தவில்லை, மாப்ளே என்று கூப்பிடுவதையும் விடவில்லை. சிரிப்பதை மட்டும் விட்டுவிட்டார். நான் ஜோக் சொல்லும்போது, ரயில் போய் முடியட்டும் என்று கேட்டில் நிற்கிறவர் மாதிரி காத்திருப்பார்.

இப்போது மலிவு டிக்கெட் கம்பெனிகள்தான் வானம் முழுக்க. ராஜமுந்திரி போன எங்கள் எதிரியும் இல்லை, எதிரியைச் சிரித்து விரட்டிய எங்கள் பெரிய கம்பெனியும் அப்படியே இல்லை. யூனியன் ஆட்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். போன மாதம் என் மகன் டிக்கெட் எடுத்துக் கொடுத்து, வாழ்நாளில் முதல் தடவையாக நான் விமானத்தில் உட்கார்ந்து மெட்ராசுக்குப் போய் வந்தேன். அத்தனை வருஷம் பெட்டி ஏற்றியவன், பெட்டி மாதிரியே பயந்துகொண்டு போனேன். தண்ணீருக்குக்கூடக் காசு. பெட்டி இரண்டு கிலோ கூடிவிட்டது என்று அந்தக் கவுன்டர் பெண் என்னை ஓரமாக உட்கார வைத்து ஊறுகாய் பாட்டிலை எடுக்க வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சாப்பிடும்போது இதை நடித்துக் காட்டினேன். பேரப்பிள்ளைகள், தமிழ் பாதிதான் புரியும், தரையில் புரண்டார்கள். மச்சானுக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"உன்னிய எடை போட்டாங்களா மாப்ளே?"

"இல்ல மச்சான். இப்பல்லாம் ஆள எடை போடறதில்ல."

"வாயால கேட்டாங்களா?"

"கேக்கவும் இல்ல."

"அப்ப சரி" என்றார். ரசம் வேண்டும் என்று தங்கையிடம் தட்டை நீட்டினார். பிள்ளைகள் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று என் கையைப் பிடித்து இழுத்தார்கள். நான் எழுந்து நின்று, ஊறுகாய் பாட்டிலை முதலிலிருந்து ஆரம்பித்தேன்.