தீபாவளிக்கு வந்த போன்

செல்போன் ரிப்பேர் கடைக்கு வருகிறவர்கள் போனை மட்டும் தருவதில்லை. பூட்டைத் திறக்கும் எண்ணையும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டுக் கோவில்பட்டியில் கடை போட்ட நாளிலிருந்து இந்த நம்பிக்கைதான் என்னைப் பயமுறுத்துகிறது. இரண்டு மொழி படித்தும், 'அனுமதி' என்று கேட்டால் வாசிக்காமலே அமுக்குகிற ஆள்தான் நானும், உங்களைப் போல.

விற்க வந்தவர்

டை கட்டிய ஒருவர் வந்தார். அவருடைய செயலியை ஒரு போனில் போட்டுவிட்டால் அந்த ஆள் பேசுவது, போகிற இடம் எல்லாம் இன்னொருவருக்குத் தெரியுமாம். போன்காரருக்கு மட்டும் தெரியாதாம். பக்கத்து வீட்டுச் சுவரில் ஓட்டை போட்டுப் பார்த்தால் தெருவே கூடி அடிக்கும். இவரோ அதற்கு ரசீது போட்டுத் தருகிறார்.

"எல்லாம் ஒரு பாதுகாப்புக்குத்தான் சார்."

"அப்ப முதல்ல உங்க போன்ல போட்டுப் பாப்போமா?"

சட்டென்று போனைப் பைக்குள் தள்ளினார். "சார், இது என் சொந்த போன்!"

யார் சொன்னது?

எட்டயபுரம் பக்கத்திலிருந்து புதியம்புத்தூர் தையல் யூனிட்டுக்கு வேனில் போய்வருகிறவள் மாரியம்மாள். போன் சூடாகிறது என்று கொண்டுவந்தாள். வேனை இருட்டுவதற்கு முன்பே எடுக்கச் சொல்லி, அவளோடு ஆறு பெண்கள் சேர்ந்து கேட்க நினைத்திருக்கிறார்கள். எங்கே கூடிப் பேசினாலும் மறுநாள் சூப்பர்வைசர் அதை அப்படியே ஒப்பிக்கிறாராம். பக்கத்து மெஷின் செல்விதான் போட்டுக்கொடுக்கிறாள் என்று முடிவுகட்டி, மதியச் சாப்பாட்டில் அவளிடம் யாரும் குழம்பு மாற்றிக்கொள்வதில்லை.

போனைத் துருவினால் உள்ளே உட்கார்ந்திருந்தது டைக்காரர் வகைச் சரக்கு.

"இந்த போன் ஏது?"

"தீபாவளிக்கு யூனிட்ல குடுத்தாவ. போன் இல்லன்னா சேலைன்னாவ. நாங்க ஆறு பேரும் போன் எடுத்தோம்."

"செல்வி?"

"அவ சேலை எடுத்தா அண்ணாச்சி. பாவி மக்கா, அவளையா நாங்க தனியாத் திங்க விட்டோம்!"

ஞாயிற்றுக்கிழமை

உடனே அழித்தால் வைத்தவருக்குத் தெரிந்துவிடும். மற்ற ஐந்து போனையும் கொண்டுவரச் சொல்லி, ஆறிலும் இருந்ததைப் படம் எடுத்து, தெரிந்த வக்கீலம்மா மூலம் புகார் எழுத ஏற்பாடு செய்தேன். ஞாயிறன்று ஆறு பேரும் போன்களை மாரியம்மாள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த டிவி முன்னால் அடுக்கிவிட்டு, செல்வி வீட்டுக்கே போய்க் கூடினார்கள். புகார் மனுவில் முதல் கையெழுத்து செல்வியுடையது.

விசாரணை நடக்கிறது. வேன் இப்போது வெளிச்சத்திலேயே ஊர் வந்துவிடுகிறது. போன்களைச் சுத்தம் செய்ய வந்த மாரியம்மாளோடு செல்வியும் வந்திருந்தாள். கோபம் போய்விட்டதா என்று கேட்டேன்.

"அதெப்படிப் போவும் அண்ணாச்சி? இந்த மாசம் பூரா எனக்கும் சேத்து இவதான் குழம்பு கொண்டாரணும்னு சொல்லிட்டேன்லா!"

எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்கும் அந்த மகா கருவி, அந்த முக்கியமான ஞாயிற்றுக்கிழமை ஆறு போன் வழியாகக் கவனமாய்க் கேட்டுக்கொண்டிருந்தது கத்தரிக்காய்ப் பொரியல் செய்வது எப்படி என்பதைத்தான்.