ஜெயித்த சண்டையைத் தோற்றதாகச் சொன்னோம்

எங்கள் பக்கம் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் ஒரு தடவை திருட்டுத்தனமாக வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு பொம்பளை, பெண் வேலை பார்க்கிற இடத்துக்கு வேறு வேலையாக வருவதுபோல வருவாள். துணிக்கடை என்றால் சேலை சேலையாகப் பிரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் எடுக்காமல் போவாள். பெண் எரிந்து விழுகிறாளா என்று பார்க்கத்தான். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாததுபோல நடந்துகொள்வதற்குப் பெயர்தான் மரியாதை.

நான் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு தெருவுக்குத் தெரு அந்தக் கடைகள் முளைத்திருந்த நேரம். ஜெராக்ஸ், டைப்பிங், பரீட்சை ரிசல்ட் எல்லாம் நான்தான். முதலாளி காலையில் சாமிக்குப் பூப்போட வருவார், சாயங்காலம் கல்லாவுக்கு வருவார்.

எனக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் தங்கை நின்றாள். ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு வரன் கூடி வருகிறது என்று தெரிந்ததும் அம்மாவுக்குத் தினமும் காலையில் ஒரே பாட்டுத்தான். "யாராச்சும் பட்டுச் சேலை கட்டிக்கிட்டு ஒத்தப் பக்கம் ஜெராக்ஸ் எடுக்க வந்தா உஷாரா இரு. பல்லைக் காட்டாத. கத்தாத. இதுவும் போச்சுன்னா உங்கப்பா தாங்க மாட்டாரு."

நானும் பட்டுச் சேலையாகப் பார்த்துப் பார்த்துப் பணிவாக இருந்தேன்.

கடையில் மதியம் கூட்டம் இருக்காது. பாலிடெக்னிக் பையன்கள் நாலு பேர் வருவார்கள். அந்தக் காலத்து ராஜாக்கள் சண்டை போடுகிற கேம் ஒன்று இருந்தது. ஆளுக்கு ஒரு நாடு. ஆட்களை வைத்து மரம் வெட்ட வேண்டும், வயல் போட வேண்டும், கோட்டை கட்ட வேண்டும், படை திரட்டிப் பக்கத்து நாட்டை அழிக்க வேண்டும். இரண்டு பேர் ஒரு கட்சி, இரண்டு பேர் எதிர்க்கட்சி. நான் கவுண்டரில் இருந்தபடியே மாதக்கணக்கில் பார்த்திருக்கிறேன். யாரும் இல்லாதபோது தனியாக விளையாடியும் இருக்கிறேன். அது யாருக்கும் தெரியாது.

அன்றைக்கு நாலு பேரில் ஒருத்தன் சண்டை போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டான். ஆட்டம் அப்போதுதான் தொடங்கியிருந்தது.

"அக்கா, நீங்க சும்மா அந்தச் சீட்டுல உக்காருங்க. ஒண்ணும் செய்ய வேணாம். மௌசை மட்டும் ஆட்டிக்கிட்டு இருங்க" என்றான் ஒருவன்.

உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் என் கட்சிக்காரனே எதிரிகளோடு போய்ச் சேர்ந்துகொண்டான். மூன்று பேரும் சிரித்தார்கள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. பொம்பள ராஜ்ஜியம் ஒண்ணு இருந்தா எல்லாரும் சேர்ந்துதான அடிப்பாய்ங்க."

எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

மூன்று நாட்டுப் படை எனக்கு எதிராக. என்னிடம் ஒரு கோட்டை, ஒரு மதில், கொஞ்சம் வில்லாட்கள். ஆனால் அந்த மூன்று பேரையும் எனக்குத் தெரியும். மூன்று பேருக்கும் தானே முதலில் கோட்டைக் கதவை உடைக்க வேண்டும் என்கிற ஆசை. ஒருத்தன் இன்னொருத்தனுக்காகக் காத்திருக்க மாட்டான். அதேபோலத்தான் வந்தார்கள். முதல் படை தனியாக வந்தது, மதில் மேல் நின்ற வில்லாட்கள் அதை அழித்தார்கள். அது செத்து முடிந்த பிறகு இரண்டாவது வந்தது. அதற்கும் அதே கதி.

மூன்றாவது ஆள்தான் என்னை விட்டுப் போனவன். அவன் யானைகள் சேர்த்துக்கொண்டிருந்தான். யானையை எதிர்க்க எனக்கு வழி இல்லை. அதனால் ஏழெட்டுக் குதிரைக்காரர்களைச் சுற்றுவழியில் அவன் நாட்டுக்குள் அனுப்பினேன். படையைத் தொடவே இல்லை. வயலில் அறுத்துக்கொண்டிருந்தவர்களை வெட்டினேன். நான் வளர்ந்தது வயல்காட்டு வேலை பார்த்த குடும்பத்தில். அறுப்புக்கு ஆள் வராவிட்டால் வீடு என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறேன்.

"ஐயோ அக்கா! அது வயல்ல வேலை செய்யிற ஆளுக, பாவம்!"

"ஏலே, கட்சி மாறுறப்ப பாவம் தெரியலையா உனக்கு?"

"ஏலே, அக்கா ஏலேங்குதுடா!"

சோறு நின்றதும் அவனால் புதிதாக யானை சேர்க்க முடியவில்லை. இருந்த யானைகளும் மதிலுக்கு முன்னால் ஒவ்வொன்றாக விழுந்தன. பிறகு நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன். மூன்று நாடும் அடுத்தடுத்து விழுந்தது.

நடுவில் யாரோ வந்து ஜெராக்ஸ் கேட்டார்கள். "செத்த இருங்க" என்றேன். மறுபடி கேட்டார்கள். திரும்பாமலேயே "இருங்கன்னு சொன்னேன்ல!" என்று கத்தினேன். கடைசிக் கோட்டை இடிந்ததும் நாற்காலி மேல் ஏறி நின்று, "வாங்கலே, இன்னும் எத்தனை பேரு இருக்கீங்க?" என்று கூச்சல் போட்டேன். அப்போதுதான் பின்னால் பார்த்தேன்.

சாதாரண வாயில் துணிச் சேலை. கையில் மஞ்சப் பை. அம்மா சொன்ன பட்டு எங்கேயும் இல்லை.

"ஏனுங்க அம்மிணி, வேலை முடிஞ்சுதுங்களா? ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தீங்கன்னா நானு பஸ்ஸைப் புடிச்சு ஒட்டன்சத்திரம் போயிருவேன்" என்றார்.

வெறுங்காலோடு இறங்கிப் போய் எடுத்துக் கொடுத்தேன். அவசரத்தில் பேப்பர் கோணலாக வந்தது. அவர் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

தரகர் வந்தார். "பொண்ணு கடையில பயலுகளோட கூத்தடிக்குதாமே" என்றார். நடந்ததை அப்படியே வீட்டில் சொன்னேன். அம்மா அழுதாள். அப்பா அழவில்லை. மறுநாள் சட்டையை மாட்டிக்கொண்டு, "கிளம்பு, பழனிக்குப் போவோம்" என்றார்.

பெண்ணைக் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுப் படி ஏறுவது எங்களில் கிடையாது. அதனால்தான் பழனி. சாமி கும்பிட்டுவிட்டு, ஆயக்குடியில் கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு, திரும்புகிற வழியில் சும்மா எட்டிப் பார்த்ததுபோல அந்த வீட்டுக்குப் போனோம். அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். என் அப்பா யாரிடமும் குரலைத் தாழ்த்திப் பேசி நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் சில்லறை தராத கண்டக்டரிடம் ஊரே திரும்பிப் பார்க்கச் சண்டை போடுகிறவர்.

"முதலாளி உக்காரச் சொன்னாருன்னு உக்காந்திருக்குங்க. அதுக்கு அதெல்லாம் விளையாடத் தெரியாதுங்க. மூணு பயலுக சேந்து தோக்கடிச்சு விட்டுட்டாய்ங்க. அந்தக் கோவத்துலதான் கத்திப்புடுச்சு. பொட்டப்புள்ள எங்குட்டுங்க ஜெயிக்கப் போவுது" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

வாயில் சேலைக்காரர் மாப்பிள்ளையின் அம்மா. அவர் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அப்படீங்களா அம்மிணி? தோத்துட்டீங்களா?"

அவர் என் முதுகுக்குப் பின்னால் நின்று கடைசிவரை பார்த்தவர். கோட்டை இடிந்ததையும் பார்த்தார், நான் போட்ட கூச்சலையும் கேட்டார். எல்லாம் தெரிந்துதான் கேட்டார். தோற்றதாக நான் என் வாயால் சொல்கிறேனா என்று பார்க்கத்தான் கேட்டார்.

"ஆமாங்க. தோத்துட்டேன்" என்றேன்.

உடனே அந்த வீடே லேசானது. காப்பி வந்தது. கொய்யாப்பழம் உள்ளே போனது. "பொண்ணுக்குப் பூ வெச்சு உடுங்க" என்று உள்பக்கம் பார்த்துச் சொன்னார். பூ வைக்க நான் தலையைக் குனிந்தபோது பக்கத்தில் அப்பாவின் கால் தெரிந்தது. பெருவிரலைத் தரையில் அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்த பஸ்ஸில் அப்பா முன் சீட்டில் உட்கார்ந்தார், நான் கடைசிச் சீட்டுக்குப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இருவரில் ஒருவர் கத்தியிருப்பார்.

செருப்பில்லாமல் நாற்காலியில் நின்றதற்கு அன்றைக்கு வெட்கப்பட்டேன். இப்போது அதை நினைத்தால் வெட்கமே இல்லை. ஒட்டன்சத்திரத்துக் காப்பியை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. அந்த வீட்டில்தான் இத்தனை வருஷமாக அதே காப்பியைப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால், கடையில் என் கடைசி நாளன்று பையன்கள் வந்தார்கள்.

"அக்கா, போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஆட்டம். பழிக்குப் பழி."

"எனக்கு விளையாடத் தெரியாதுப்பா" என்றேன். பழகிவிட்டிருந்தது.

"இது நல்ல கதையா இருக்கே! அப்ப அன்னைக்கு எங்களை யாருக்கா அடிச்சது?"

ஜெராக்ஸ் மிஷினில் பேப்பர் சிக்கியிருந்தது. அதை இழுக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.