குப்பி திறக்கப் பத்துப் பேர்

லோகேஸ்வரனுக்கு முதுகுவலி என்பது பெக்கான் நானாஸ் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதது அவருடைய முதுகுக்கு மட்டும்தான்.

முதுகில் ஒன்றுமில்லை. நோய் முன்பக்கம், நெஞ்சில் இருந்தது. சளியில் காசநோய்க் கிருமி இருப்பதாக அரசாங்கக் கிளினிக்கில் சொன்ன அன்று மாலையே, தன் வேனில் போய்வரும் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் இருக்கும் வாட்சாப் குழுவில் ஒரு செய்தி போட்டார்: முதுகில் டிஸ்க் நகர்ந்துவிட்டது, ஒரு மாதத்துக்கு மைத்துனர் மதிவாணன் வேன் ஓட்டுவார். அனுதாபம் குவிந்தது. மூன்று தைலப் புட்டிகள், ஓர் இடுப்புப் பட்டை, கெலாங் பாத்தாவில் எலும்பு நீவிவிடும் சீனக் கிழவர் ஒருவரின் தொலைபேசி எண். இல்லாத நோய்க்கு இத்தனை மருந்தும் வீடு தேடி வந்தது. இருக்கிற நோய்க்கு மருந்து சாப்பிட அவர் தினமும் காலை எட்டு மணிக்கு, தலையில் மாட்டிய ஹெல்மெட்டைக் கழற்றாமல், கிளினிக்குப் போய் வந்தார்.

கிளினிக்கைக் குறை சொல்ல முடியாது. மாத்திரை தீர்ந்துவிட்டது என்று ஒரு நாளும் திருப்பி அனுப்பியதில்லை. இலவசம். வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம். போகாமல் இருக்க ஒரு சாக்கு கிடைத்தால் நன்றாயிருக்கும் என்று நினைப்பவருக்கு அதுதான் அங்கே கிடைக்கவில்லை. காசநோய்க்காரர்கள் உட்கார, கட்டடத்துக்கு வெளியே கூரை மட்டும் போட்ட ஓர் இடம் இருந்தது. நல்ல காற்றோட்டம். சாலையில் போகிறவர்களுக்கு முகமும் நன்றாகத் தெரியும். ஹெல்மெட் அதற்காகத்தான்.

மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்ப மாட்டார்கள். கண்ணெதிரே விழுங்க வேண்டும். அதைப் பார்ப்பது சந்திரமதி மிஸ்ஸியின் வேலை. ஐம்பதை நெருங்கும் தாதி. ஓய்வு பெறும் வரைக்கும் யாரையும் நம்புவதில்லை என்று முடிவு செய்தவர் போல் இருப்பார்.

"வாயத் திறங்க தம்பி. நாக்கத் தூக்குங்க. ம், போங்க."

முதல் நாள் அவர் ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"வீட்ல யார் யாரு?"

"சம்சாரம் பிரேமலா. ரெண்டு வயசுல பொம்பளப் பிள்ள, தேன்மொழி."

"என்ன வேல?"

லோகேஸ்வரன் ஒரு மூச்சு இழுத்தார். பாதியில் இருமல் வந்தது. "டிரைவர், மிஸ்ஸி."

"என்ன ஓட்டுறீங்க?"

"லாரி. அன்னாசி ஏத்துவேன்."

"கூட யாராச்சும் வருவாங்களா?"

"அன்னாசிதான்."

மிஸ்ஸி சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். லோகேஸ்வரனும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அதற்குப் பிறகு மூன்று வாரம் அவரைத் தூங்கவிடவில்லை.

ஏனென்றால் வேனில் பதினான்கு பிள்ளைகள். போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம், ஜன்னல்கள் மூடியபடி. அதுவும் சும்மா மூடியதல்ல, கேட்டு வாங்கிய மூடல். ரூபேந்திரன் என்பவருடைய மகன் ஜீவன் நாலாம் ஆண்டு படிக்கிறான். "பிள்ளைங்க வீட்டுக்கு வந்து மூக்கச் சிந்துனா கரியா வருதுண்ணே, ஏர்கோன் போடுங்க லா" என்று ஒரு வருடம் குழுவில் விடாமல் எழுதியவர் ரூபேந்திரன்தான். லோகேஸ்வரன் குளிரூட்டியைப் போட்டார். 'ஜன்னலைத் திறக்காதே' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியும் வைத்தார். ஊரிலேயே காற்று புக முடியாத பள்ளி வேன் தன்னுடையது என்று அவருக்குப் பெருமை.

மூன்று மாதம் இருமினார். முதலில் டுரியான் பழத்தின் சூடு என்றார். டுரியான் காலம் முடிந்த பிறகு ஏர்கோன் குளிர் என்றார். பின்சீட்டிலிருந்து ஜீவன் எண்ணிக்கொண்டே வருவான். இறங்கும்போது கணக்கை ஒப்படைப்பான்: "அங்கிள், இன்னிக்கு இருபத்திரெண்டு. நேத்து பத்தொம்பது."

அப்போது வேன் முழுவதும் சிரிக்கும்.

மருந்து தொடங்கிய மூன்றாவது செவ்வாய்க்கிழமை தேன்மொழிக்கும் பிரேமலாவுக்கும் கையில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை. கிருமி உடம்புக்குள் போயிருக்கிறதா என்பதை அது காட்டிக்கொடுக்கும். ஊசி போட்ட மூன்றாம் நாள் கை வீங்கியிருக்கிறதா என்று அளப்பார்கள். பிரேமலா குழந்தைக்குப் புதுக் கவுன் போட்டு அழைத்து வந்திருந்தாள். குழந்தைக்கு லேசாகச் சளி இருந்தது. அந்தச் சளியின் ஒவ்வோர் ஒலியையும் லோகேஸ்வரன் பொன் எடை போடுகிறவர் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

சந்திரமதி மிஸ்ஸி வெளியே வந்து கையை விரித்தார்.

"இன்னிக்கு இல்லம்மா. அடுத்த செவ்வாய் பாப்போம்."

"ஏன் மிஸ்ஸி, மருந்து இல்லையா?" என்றாள் பிரேமலா.

"இருக்கு. ஒரு குப்பி இருக்கு. தொறந்தா அன்னிக்கே முடிக்கணும், மிச்சத்தக் கொட்டணும். பத்துப் பேருக்கு மேல போடலாம் அதுல. இப்ப எல்லா எடத்துலயும் தட்டுப்பாடு, அடுத்தது எப்ப வரும்னே தெரியல. பத்துப் பேர் சேந்தாத்தான் தொறக்கச் சொல்றாங்க. இன்னிக்கு மூணு பேரு. இன்னும் ஏழு பேருக்கு நான் எங்க போவேன்?"

கட்டடச் சுவரில் கொசு ஒழிப்பைப் பற்றி மலாய் மொழியில் ஒரு சுவரொட்டி இருந்தது. லோகேஸ்வரன் அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தார். பிரேமலா அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து, குழந்தையின் கவுனைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"ஏழு பேர் வேணுமாம்."

"கேட்டுச்சு."

"உங்ககிட்ட பதினாலு பேர் இருக்காங்க."

"சொன்னா வேன் போச்சு, பிரேமா."

"சொல்லாட்டி?" என்றாள்.

மறுநாள் காலை மாத்திரையை விழுங்கி, நாக்கைத் தூக்கிக் காட்டிய பிறகும் அவர் எழுந்து போகவில்லை.

"மிஸ்ஸி, லாரி இல்ல."

"பின்ன?"

"வேன். ஸ்கூல் வேன்."

மிஸ்ஸி புதுப் படிவம் ஒன்றை எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

"அன்னாசி எத்தன?"

"பதினாலு."

"மூணு வாரம்" என்றார், எழுதிக்கொண்டே. குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் லோகேஸ்வரனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "பெத்தவங்களுக்கு இங்கேருந்து போன் பண்ணுவோம். உங்க பேரச் சொல்ல மாட்டோம். பிள்ளைங்க போற வேன் சம்பந்தமா ஒரு நோயாளின்னு மட்டும் சொல்வோம்."

"மிஸ்ஸி, வேன ஓட்டுறவன் ஒருத்தன்தான்."

"அதுவும் சரிதான்" என்றார் மிஸ்ஸி.

அன்றைக்கு மத்தியானம் லோகேஸ்வரன் நிறுத்தியிருந்த வேனுக்குள் உட்கார்ந்து குழுவுக்குக் குரல் பதிவு செய்தார். நடுவில் இருமல் வந்து இரண்டு முறை அழித்தார். மூன்றாவதில் இருமலையும் அப்படியே விட்டுவிட்டார்.

"எல்லாருக்கும் வணக்கம். லோகேஸ்வரன் பேசுறேன். எனக்கு முதுகுவலி இல்ல. டிபி. இப்ப மருந்து சாப்பிடுறேன். அதுக்கு முன்னாடி மூணு மாசம் உங்க பிள்ளைங்க கூடதான் இருமிக்கிட்டு இருந்தேன். அடுத்த செவ்வாய் ரெண்டு மணிக்கு கிளினிக்ல சோதன. பத்துப் பேர் வந்தாத்தான் மருந்துக் குப்பியத் தொறப்பாங்க. தயவு செஞ்சு வாங்க. தைலம் குடுத்தவங்க மன்னிச்சிக்குங்க."

நீலக் குறிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒருவரும் பதில் எழுதவில்லை. வழக்கமாகக் காலை வணக்கத்துக்கே பதினெட்டுப் பூக்கள் வரும் குழு அது. நாலு மணிக்கு ஒருவர் குழுவை விட்டு வெளியேறினார். நாலரைக்கு இன்னும் இருவர். ரூபேந்திரனிடமிருந்து மட்டும் குறியே விழவில்லை. அவருக்கும் மனைவிக்கும் சிங்கப்பூரில், துவாஸில் வேலை. தொழிற்சாலைக்குள் போன் பார்க்க முடியாது. திட்டு வாங்குவதைவிட, திட்டப் போகிறவர் வேலை முடிந்து எல்லை தாண்டி வருவதற்குக் காத்திருப்பது கொடுமை.

ஏழு மணிக்கு வந்தார். மோட்டார் சைக்கிளை நிறுத்தினார், கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"எத்தன நாளாண்ணே தெரியும் உங்களுக்கு?"

"மூணு வாரம்."

"நான் இடுப்புப் பட்ட வாங்கிக் குடுத்தேன்."

லோகேஸ்வரன் தலை குனிந்தார். "பயந்துட்டேன் தம்பி. ஜன்னல் எல்லாம் மூடி வேற…"

"ஏர்கோன் போடச் சொன்னது நான். இருமச் சொன்னது நான் இல்ல" என்றார் ரூபேந்திரன். போகிற போக்கில் திரும்பிக் கேட்டார். "ரெண்டு மணியா, ரெண்டரையா?"

செவ்வாய்க்கிழமை லோகேஸ்வரன் ஒன்றரைக்கே போய் அந்தக் கூரைக்கடியில் உட்கார்ந்தார். மூக்கையும் வாயையும் மூடிய முகக்கவசம். தலையில் ஹெல்மெட் இல்லை. இரண்டு மணிக்கு அவர் குழந்தை, பிரேமலா, பழைய நோயாளி ஒருவரின் மகன் என்று அதே மூன்று பேர். இரண்டே காலுக்கு ஐந்து. அதில் ஒரு தாய் அவரைப் பார்த்ததும் மகளின் கையைப் பிடித்துத் தூணுக்கு அந்தப் பக்கம் நகர்ந்தாள். பிறகு மதிவாணன் வேனை ஓட்டி வந்தான், ஜன்னல்கள் எல்லாம் திறந்தபடி. இறங்கியவர்கள் நாலு. ஒன்பது. மிஸ்ஸி கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரைக்கு மேல் திறப்பதில்லை என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். இரண்டு ஐம்பதுக்கு ஜீவனும் அவனுடைய அம்மாவும் வந்தார்கள். அம்மா அரை நாள் விடுப்பு எடுத்திருந்தார். லோகேஸ்வரனின் முகத்தைப் பார்க்காமல், மகனின் பதிவுச் சீட்டை மட்டும் மிஸ்ஸியிடம் நீட்டினார்.

பத்து. குப்பியின் மூடி 'டிக்' என்று கழன்ற சத்தம் வெளியே கேட்டதாக லோகேஸ்வரன் இன்றைக்கும் சொல்கிறார். கேட்டிருக்க வாய்ப்பில்லை.

ஊசி போட்ட இடத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டார்கள். சொறியக் கூடாது. மூன்று நாள் அவர் தேன்மொழியின் கையை அரை மணிக்கொரு தரம் பார்த்தார். மற்ற கைகளை நினைத்தார்.

வெள்ளிக்கிழமை மிஸ்ஸி அளவுகோலை வைத்து அளந்தார். பிரேமலாவுக்கும் தேன்மொழிக்கும் தட்டையாக இருந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். அவருக்கு ஒரு நிமிடம் மூச்சு வந்தது. அடுத்தது ஜீவன். பதினான்கு மில்லிமீட்டர் வீக்கம்.

அவனுடைய நெஞ்சுப் படத்தில் ஒன்றுமில்லை. கிருமி உள்ளே தூங்குகிறது, நோயாக எழும்பவில்லை, தினமும் வெறும் வயிற்றில் மாத்திரை சாப்பிட்டால் எழும்பாது என்று டாக்டர் சொன்னார். மருந்து இருந்தது. விழுங்குவதைப் பார்க்க ஆள்தான் இல்லை. தகப்பனும் தாயும் விடிகாலை நாலரைக்கே துவாஸுக்குப் புறப்பட்டுவிடுவார்கள். அதன் பிறகு பக்கத்து வீட்டு அம்மாள் வந்து அவனை எழுப்பி, சீருடை போட்டு வாசலுக்கு அனுப்புவாள். மாத்திரை என்றால் பிள்ளை அவளை ஏமாற்றிவிடுவான்.

அடுத்த வாரம், லோகேஸ்வரனின் சளியில் கிருமி போய்விட்டது, இனி ஓட்டலாம் என்று டாக்டர் கடிதம் கொடுத்த அன்று, ரூபேந்திரன் போன் செய்தார்.

"ஆறே காலுக்கு எங்க வீட்டு வாசல்ல நிக்கிறது நீங்க ஒருத்தர்தாண்ணே. நீங்களே குடுத்துடுங்க. வாயத் திறக்கச் சொல்லிப் பாருங்க. எப்படிப் பாக்கணும்னு உங்களுக்குத் தெரியுமே."

இப்போது வேனில் எட்டுப் பேர். ஜன்னல் ஒட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டார். முழுதாகப் போகவில்லை, 'திறக்காதே' மட்டும் மங்கலாக நிற்கிறது. காற்று உள்ளே அடிக்கிறது, லாரிப் புகையும்தான். ஆறே காலுக்கு ஜீவன் வாசலில் தண்ணீர்ப் போத்தலோடு வந்து நிற்பான்.

"நாக்கத் தூக்கு. இன்னும்."

"நேத்தும் பாத்தீங்களே, அங்கிள்."

"நேத்து நேத்தோட போச்சு. தூக்கு."

சந்திரமதி மிஸ்ஸியே அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. திருப்தியாகிக் கதவை மூடியதும், பையன் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து சொன்னான்.

"அங்கிள், நேத்து ரெண்டே ரெண்டு இருமல்தான்."

"இன்னும் எண்ணுறியாடா?"

"அப்பாதான் எண்ணச் சொன்னாரு. தினமும் போன் பண்ணிக் கேப்பாரு."

லோகேஸ்வரன் வேனைக் கிளப்பினார். தொண்டையில் ஏதோ அரிப்பது போலிருந்தது. எச்சிலை விழுங்கிவிட்டு, பின்னால் பார்க்கும் கண்ணாடியைப் பார்த்தார். பையன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான், விரல்களை மடக்கத் தயாராக வைத்தபடி.