என்னையே பார்த்த ஜன்னல்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு பனிக்காலம். ஜெர்மனியில் ஆஹென் நகரத்திலிருந்து பஸ் பிடித்துப் போனால் வரும் ஒரு சின்ன கிராமம். அங்கே மாற்றுத்திறனாளிகள் இல்லம் ஒன்றில் ஒரு வருடம் தன்னார்வத் தொண்டராக இருந்தேன். திருச்சியில் காலேஜ் முடித்த கையோடு கிளம்பிப் போனவள் நான்.

அந்த ஊரிலேயே நம் நிறத்தில் இருந்தது நான் ஒருத்திதான். கேட்க வேண்டுமா? பேக்கரிக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். பஸ் ஸ்டாப்பில் நின்றால் காரை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒரே ஒரு ஜன்னல். இல்லத்திலிருந்து என் அறைக்கு வரும் தெருவில், அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா ஜன்னல் விளிம்பில் தலையணையைப் போட்டு, அதில் முழங்கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தப் பக்கத்தில் அப்படித் தெருவை வேடிக்கை பார்ப்பது வழக்கம்தானாம். இருக்கட்டும், அதற்காக இப்படியா? நான் தெருவில் திரும்பியதிலிருந்து மறையும்வரை கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்ப்பார். சிரித்தும் பார்த்துவிட்டேன், பதிலுக்கு ஒன்றும் கிடையாது. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். 'நான் என்ன பொருட்காட்சியா?' என்று முணுமுணுத்துக்கொண்டே போவேன்.

ஒருநாள், போதும்டா சாமி என்று வழியை மாற்றினேன். சின்னக் காட்டுக்குள் புகுந்து, ஓடையை ஒட்டி, வீடுகளின் பின்பக்கமாக வரும் பாதை. சுற்றுவழிதான். ஆனால் யார் கண்ணிலும் படாமல் ராணி மாதிரி நடக்கலாம் என்று நினைத்தேன்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. ஒரு சாயங்காலம், ஓடைப் பக்கம் தண்ணீர் உறைந்து கிடந்ததைக் கவனிக்காமல் காலை வைத்துவிட்டேன். விழுந்ததில் கணுக்கால் மளுக்கென்றது. எழுந்திருக்கவே முடியவில்லை. போனை எடுத்தால், குளிரில் சார்ஜ் இறங்கி அது செத்துப்போயிருந்தது. "ஐயோ, யாராவது வாங்களேன்!" என்று தமிழிலேயே கத்தினேன். ஒரு ஈ காக்கா இல்லை. சீக்கிரமே இருட்டிவிடும் ஊர் அது. அறையிலும் நான் தனி ஆள். மறுநாள் காலை டியூட்டிக்குப் போகாவிட்டால்தான் தேடுவார்கள். அந்தக் குளிரில் அதுவரை தாங்க மாட்டேன் என்று தெரிந்தது. ஊரில் என் அம்மாவுக்கு யார் போய்ச் சொல்வார்கள் என்று நினைத்தபோது ஓவென்று அழுதுவிட்டேன்.

விரல்கள் மரத்துப்போன நேரத்தில் டிராக்டர் சத்தம் கேட்டது. ஊர் விவசாயி ஒருவர் குதித்து இறங்கி, தன் கோட்டைக் கழற்றி என்மேல் போர்த்தினார். அப்பாடா, போன உயிர் திரும்பி வந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை உட்கார வைக்க, அவர் என்னைத் தூக்கிக்கொண்டு போனது அந்த ஜன்னல் அம்மாவின் வீட்டுக்கு! அவரை அனுப்பியதே அந்த அம்மாதானாம்.

சமையலறையில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால், பின்பக்க ஜன்னலில் அதே தலையணை. நான் வழியை மாற்றியதும் அவர் ஜன்னலை மாற்றியிருக்கிறார்.

"நீ காட்டுக்குள்ள போறது இங்கேயிருந்து தெரியாது, ஆனா வழக்கமான நேரத்துக்கு நீ வெளியே வரலை. இல்லத்துக்கு போன் பண்ணினேன், எப்பவோ கிளம்பிட்டாள்னு சொன்னாங்க," என்று என் அரைகுறை ஜெர்மனுக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "தினமும் நீ பத்திரமா போறதைப் பார்த்துட்டுத்தான் நான் காபி போடுவேன். இன்னைக்கு இன்னும் குடிக்கலை," என்றார்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுதேன். கால்வலி என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தார், பாவம்.

இப்போது நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். எங்கள் அபார்ட்மெண்டில் அசாமிலிருந்து வந்த ஒரு பெண் தனியாகத் தங்கி, பியூட்டி பார்லரில் வேலை செய்கிறாள். சாயங்காலம் அவள் வரும் நேரத்துக்கு நான் பால்கனியில் நிற்பேன். என்னைப் பார்த்தாலே முறைக்கிறாள். முறைத்துவிட்டுப் போகட்டும், அவள் கேட்டைத் திறந்து உள்ளே வந்த பிறகுதான் எனக்குக் காபி தொண்டையில் இறங்குகிறது.