கடுகுக்கீரையால் வந்த சனி விரதம்

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இந்த நாட்டுக்கு வந்தபிறகு பெட்டிகளில் ஒட்டும் சீட்டுகளைத் தவிர வேறெதையும் அதிகம் எழுதியதில்லை. பிழை இருந்தால் நீங்களே திருத்தி வாசியுங்கள். மகளிடம் திருத்தக் கொடுத்தால் பிரெஞ்சில் திருத்தித் தருவாள்.

எல்லாம் அவளால் வந்ததுதான். போன மாதம் ஒருநாள் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றுகிறேன், வீடு முழுக்க ஒரு மணம். கடுகுக்கீரையை மசித்து நெய் விட்ட மணம். இருபத்திரண்டு வருடமாக என் வீட்டுக்குள் நுழைய நான் விடாத மணம். மகள் கடையில் வாங்கிய டப்பாவைச் சூடாக்கிக்கொண்டு நிற்கிறாள்.

"அப்பா, வாற சனிக்கிழமை நாங்கள் காரில போறம். இஞ்ச இருந்து பிராம்டன் வரைக்கும். வழியில அஞ்சு பஞ்சாபிச் சாப்பாட்டுக் கடை. எல்லாம் பாரம்பரியச் சாப்பாடு. நான் லிஸ்ட் போட்டிட்டன்."

"சனிக்கிழமையோ?"

"ஓ, உங்கட விரதம்! பரவாயில்லை, நீங்கள் காரை ஓட்டுங்கோ, நாங்கள் சாப்பிடுறம்."

எப்படி இருக்கிறது கதை?

நான் சனி விரதக்காரன். கோயிலில் எனக்குப் பெயரே 'சனி விரத அண்ணை'தான். சனிக்கிழமை மத்தியானம் காகத்துக்குச் சோறு வைத்துவிட்டு ஒரே ஒரு நேரம் சாப்பிடுவேன். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மொன்றியல்-நோரில் மூன்றாம் மாடிப் பல்கனியில் காகத்துக்குச் சோறு வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? காகம் வராது. அணில்தான் வரும். கீழ்வீட்டு மனுசி வீட்டுச் சொந்தக்காரரிடம் முறையிடுவாள். அவர் வந்து பிரெஞ்சில் ஏதோ கேட்பார், எனக்கு விளங்காது. சனீஸ்வரனை அவருக்கு எந்தப் பாசையில் விளங்கப்படுத்துவது?

இத்தனைக்கும் எனக்கு அப்படி ஒரு பக்தியும் கிடையாது. எல்லாம் பல்தேவ் பாஜியின் வேலை.

அப்போது நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிட்டங்கியில் கொன்ரெய்னர் இறக்கினேன். பல்தேவ் லொறி ஓட்டி வருவார். பெரிய உருவம், மஞ்சள் தலைப்பாகை. எல்லாரும் பாஜி என்றுதான் கூப்பிடுவார்கள், பஞ்சாபியில் அண்ணை என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் பத்துச் சொல், அவருக்குப் பதினைந்து. அதனால் எங்களுக்குள் ஒரு சண்டையும் வந்ததில்லை.

ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவில் ஒரு பெண்ணைப் பார்க்க வரும்படி அக்கா சொல்லியிருந்தா. சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணிக்கு. அக்கா முதல்நாளே அங்கே போய்விட்டா. "வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வா. குடுக்கிறதைச் சாப்பிடு. சாப்பிடாட்டி பொம்பிளையைப் பிடிக்கேல்லை எண்டு நினைப்பினம்," என்று மூன்று தரம் சொன்னா. என்னிடம் கார் இல்லை. ரொறன்ரோவுக்குச் சாமான் ஏற்றிப்போகும் பாஜி, "மை பிரதர், கம்" என்றார். ஏறினேன்.

மொன்றியல் எல்லை தாண்டவில்லை, அதற்குள் என் மடியில் ஒரு பொட்டலத்தை வைத்தார். அவருடைய மனைவி சுட்ட உருளைக்கிழங்குப் பராட்டா. ஒவ்வொன்றிலும் ஒரு கட்டி வெண்ணெய். இரண்டு சாப்பிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது. நான்கு சாப்பிட்டேன்.

கிங்ஸ்டன் கடந்து கொஞ்சத் தூரத்தில், லொறிகள் நிற்கும் இடத்தின் ஓரமாக, சில்லுக் கழன்ற ஒரு வெள்ளை வண்டிப்பெட்டி. அதுதான் சாப்பாட்டுக் கடை. உள்ளே இருந்து சாப்பிட நாலு மர வாங்கு. ஒரு அம்மா கையாலேயே தட்டிச் சோளமா ரொட்டி சுடுகிறா. தட்டில் கடுகுக்கீரை, மேலே நெய், பக்கத்தில் வெல்லம், ஒரு துண்டு முள்ளங்கி. பொய் சொல்லக்கூடாது, முதல் வாய் வைத்ததும் பொம்பிளை பார்க்கப் போகிறேன் என்பதே மறந்துபோனது.

தவறு அதற்குப் பிறகுதான் நடந்தது. சாப்பாட்டை மிச்சம் வைப்பது மரியாதை இல்லை என்று வளர்ந்தவன் நான், தட்டை வழித்துத் துடைத்தேன். வெறுந்தட்டு என்றால் இன்னும் வேண்டும் என்று அந்த அம்மாவுக்கு அர்த்தம். ஒரு ரொட்டி போட்டா. அதையும் முடித்தேன். இன்னொன்று. வாழையிலை என்றால் மூடிவிடலாம். தகரத் தட்டை எப்படி மூடுவது? வாயைத் திறந்து போதும் என்று சொல்ல எனக்குக் கூச்சம். நான் சாப்பிடச் சாப்பிட அந்த அம்மாவின் முகம் மலர்கிறது, பாஜி என் முதுகில் தட்டுகிறார். ஆறாவது ரொட்டியோடு ஒரு செம்பு நிறைய மோர் வந்தது. எழும்பும்போது லொறியின் படி எனக்கு இரண்டாய்த் தெரிந்தது.

ஸ்காபரோ வீட்டில் என்னை நடுவில் இருத்தினார்கள். முறுக்கு, வடை, பயற்றம் பணியாரம், கட்லட். தட்டைக் கொண்டுவந்தவள்தான் பெண். நிமிர்ந்து பார்க்கப் பயம். அவளுடைய கால்விரலைத்தான் பார்த்தேன்; அதுவே பிடித்திருந்தது. ஆனால் ஒரு முறுக்கை எடுத்தால்கூட அந்த இடத்திலேயே ஏதாவது நடந்துவிடும்.

"எடுங்கோ தம்பி," என்றார் அவளுடைய தகப்பன்.

நான் அசையவில்லை. அக்கா கண்ணாலேயே என்னைக் கொன்றா. பெண் தட்டை இன்னும் கொஞ்சம் கிட்ட நீட்டினாள்.

"விரதம்," என்றேன். என் வாயா சொன்னது?

"என்ன விரதம்? இப்ப புரட்டாதி இல்லையே?"

"ஒவ்வொரு சனியும். மத்தியானம் ஒரு நேரம்தான். அது முடிஞ்சுது."

அவர் எழும்பி வந்து என் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. "நானும் முப்பது வருசமாப் பிடிக்கிறன் தம்பி. இந்தக் காலத்தில இப்பிடி ஒரு பிள்ளையோ!"

அன்றே முடிவாகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை சரியாகப் பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசி. "தம்பி, காகத்துக்கு வைச்சாச்சோ?" அதற்கடுத்த சனியும். கலியாணத்துக்குப் பிறகும். பனி கொட்டினாலும், நான் வேலையில் நின்றாலும், எனக்குக் காய்ச்சல் என்றாலும். "ஓம் மாமா, வைச்சாச்சு." சோறு வைக்காமலே வைத்தேன் என்று அவரிடம் சொல்ல மனம் வரவில்லை, அதனால் வைக்கவே தொடங்கினேன். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு இருபத்திரண்டு வருடம் உண்மையாக நடந்த முட்டாள் உலகத்திலேயே நான் ஒருவன்தான். போன மாசியில் மாமா காலமானார்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். காலை பத்து மணிக்கு மகளின் இரண்டாவது கடை. இறங்கிப் பார்த்தால் லொறிகள் நிற்கும் அதே பழைய இடம். வண்டிப்பெட்டி இல்லை. கண்ணாடிக் கட்டடம், சுவரில் போலி வைக்கோல், மூலையில் யாரும் படுக்காத கயிற்றுக் கட்டில். மகள் அதில் ஏறியிருந்து படம் எடுத்தாள். பாஜியும் எப்போதோ வன்கூவர் பக்கம் போய்விட்டார், தொடர்பு இல்லை. ரொட்டி தட்டிய அம்மாவை விசாரிக்க அங்கே ஆளும் இல்லை, தொடுதிரைதான் இருந்தது.

மனைவி அதில் மூன்று பேருக்குச் சாப்பாடு அமத்தினாள்.

"எனக்கு விரதமெல்லோ?"

"ஐயா போயிட்டார். இனி ஆருக்கு நடிக்கிறியள்?"

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"அண்டைக்கே தெரியும். உங்கட வெள்ளைச் சேட்டுக் கொலரில பச்சையாக் கீரை ஒட்டியிருந்தது. நெய் மணம் வேற. விரதக்காரர் கடைச் சாப்பாடு சாப்பிடுவினமோ?"

"ஏனப்பா சொல்லேல்லை? இருபத்திரண்டு வருசம்!"

"ஐயா அவ்வளவு சந்தோசப்பட்டவர், எப்பிடிச் சொல்றது? பிறகு பாத்தன், சனியில ஒரு நேரச் சமையல்தான். எனக்கும் வசதி."

மகள் கட்டிலில் விழுந்து சிரித்தாள். நான் கோபத்தோடு சாப்பிட்டேன். சின்ன மண்சட்டியில் கீரை, உள்ளங்கை அளவில் இரண்டு ரொட்டி. ருசி குறையில்லை. தட்டை வழித்துத் துடைத்துவிட்டு, பழைய ஞாபகத்தில் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் வந்து ரொட்டி போடவில்லை.

அதற்குப் பிறகு எனக்குச் சனிக்கிழமை விடுதலை. மனைவி காலையிலேயே இடியப்பம் அவித்துத் தருகிறாள், முணுமுணுத்துக்கொண்டு. புரட்டாதியும் நேற்றோடு முடிந்துவிட்டது. ஆனாலும் இன்று மத்தியானம் ஒரு பிடி சோற்றைப் பல்கனியில் வைத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். பன்னிரண்டு மணி ஆனது, தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பன்னிரண்டரை ஆனது. சோற்றை அணில் தின்றுவிட்டுப் போனது. உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை, 18 ஒக்ரோபர் 2025