உயிருள்ள கலத்தின் அடையாள அட்டை

புஷ்பவதி டீச்சருக்குப் படம் போடாமல் பாடம் நடத்த வராது. 2008இல் அந்தப் பழக்கம்தான் அவரை மாட்டிவிட்டது.

இரத்தோட்டையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் எடுத்தார். செத்துக்கொண்டிருக்கும் கலத்தை, அதாவது உயிரணுவை, அதை விழுங்கும் காவல் அணுவான தின்குழியம் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது பிள்ளைகளின் மண்டையில் ஏறவில்லை. தின்குழியத்தின் மேல் அடையாளம் உணரும் இரண்டு வாங்கிகள். ஒன்று, சாகும் கலத்தின் அடையாளத்தைப் பிடித்ததும் விழுங்கச் சொல்லும். மற்றது, உயிருள்ள கலத்தின் அடையாளம் பட்டதும் விட்டுவிடச் சொல்லும். இரண்டும் சேர்ந்துதான் முடிவெடுக்கும். பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்தது சோதனைச் சாவடி. அதனால் கொப்பியில் தின்குழியத்துக்குத் தொப்பியும் இரண்டு கைகளும், கலத்துக்கு அடையாள அட்டையும் போட்டு, மேலே ‘சோதனைச் சாவடி’ என்று கொட்டை எழுத்தில் எழுதினார். யுத்தம் நடக்கும் இப்படியொரு காலத்தில் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவார்களா? ஏறினார்.

மாத்தளைக்குப் போகும் வழியில் பஸ்ஸை மறித்தார்கள். அவருடைய அடையாள அட்டை சரியாகத்தான் இருந்தது. ஆனால் சிப்பாய் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவன் மறு கையில், அவர் பையிலிருந்து எடுத்த கொப்பி விரிந்திருந்தது. டீச்சருக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு, அன்றைக்கு ஒரு சொல்கூட வரவில்லை. ஜீப்பில் ஏற்றினால் திரும்பி வரமாட்டோம் என்றே நினைத்தார்.

தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் யார் என்று அதிகாரி கேட்டார். பஸ்ஸே தலையைக் குனிந்துகொண்டது. மிளகு வியாபாரி முத்தலிப் மட்டும் எழுந்து வந்தார். தலைப்பைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது. பிறகு நிதானமாகச் சிங்களத்தில் சொன்னார்: இது நோய்ப் பாடம், தொப்பிக்காரர் டாக்டர், அட்டை கிளினிக் அட்டை. அதிகாரி படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கொப்பியையும் அடையாள அட்டையையும் டீச்சரிடம் நீட்டினார்.

பஸ் புறப்பட்ட பிறகு முத்தலிப் டீச்சர் பக்கம் குனிந்தார். “கிழிச்சிருங்க டீச்சர். இன்னொரு தடவ என்னால பொய் சொல்ல ஏலாது. எனக்கும் புள்ளைங்க இருக்கு.”

மறுநாள் படமில்லாமல், சாவடியையும் அட்டையையும் வாயால் சொல்லியே பாடம் நடந்தது. அழகம்மா என்ற மாணவி எழுந்து, அட்டை சரியாக இருந்தால் கட்டாயம் விட்டுவிடுமா என்று கேட்டாள்.

டீச்சர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார்.

“கலம்னா விட்டுரும்” என்றார்.