பெடல் சுற்றிப் பழகிய பாட்டு

பாட்டு முழுவதையும் ஓரிடத்திலும் நிற்காமல் வாசித்தால் கிற்றார் எனக்கு. நின்றால் தேவாலயப் பாடகர் குழுவுக்கு. சிநேகிதன் அப்படித்தான் சொல்லியிருந்தான். அவனுக்கு வவுனியாவுக்குப் போகப் பயண அனுமதிப் பாஸ் கிடைத்துவிட்டது. தன் கிற்றாரையும் தூக்கிக்கொண்டு சோதனைச் சாவடிகளைக் கடக்க முடியாது. பாட்டிருந்த கசற்றைத் தந்து பத்து நாள் தவணையும் தந்தான். பத்தாம் நாள் பின்னேரம் நாலு மணிக்கு உழவு இயந்திரம் வரும், ஏறிவிடுவான். அவனை விட்டால் எனக்கு இன்னொரு கிற்றார் எங்கள் கண்டாவளையில் எங்கே கிடைக்கப்போகிறது?

அது ஒரு பழைய ஆங்கிலப் பாட்டு. ஓர் ஆண் குரல், ஒரு கிற்றார், பின்னால் மெல்லிய ட்ரம்ஸ். சொற்கள் விளங்காததால், காதில் விழுந்தபடி தமிழில் எழுதி வைத்திருந்தேன்.

சண்டைக் காலம் அது; எங்களுக்கு மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. பாட்டுக் கேட்பதென்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோ வயரை ரேப் றெக்கோடரில் கொழுவி, பெடலைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றியது என் அக்கா. படிப்பித்துவிட்டு வந்து, சேலையைக்கூட மாற்றாமல் முக்காலியில் குந்திவிடுவார். "இவ்வளவு சுத்தும் றோட்டில சுத்தியிருந்தால் நான் இப்ப கொழும்பில நிப்பன்" என்பார். கை அலுத்தால் பாட்டுக்காரனின் குரல் தடித்துவிடும். "பார், அவனுக்குத் தடிமன் பிடிச்சிட்டுது" என்று கையை மாற்றுவார்.

அந்தக் குரலுக்குத்தான் நான் கம்பிகளைச் சுருதி சேர்த்தேன். ஆக மெல்லிய கம்பி எப்போதோ அறுந்துபோய், சைக்கிள் பிறேக் கேபிளில் ஓர் இழையை உரித்துப் பூட்டியிருந்தது. அதை அதிகம் முறுக்க எனக்குப் பயம்.

பத்தாம் நாள் மூன்று மணிக்கே சிநேகிதன் பையோடு வந்துவிட்டான். "அக்கா, எழும்புங்கோ. நான் சுத்துறன். நீங்களெண்டால் தம்பிக்கு ஏத்த மாதிரிச் சுத்துவியள்."

பாட்டு ஓடும்போது வானத்தில் விமானச் சத்தம் கேட்காது. அதனால் அம்மா முற்றத்தில் நின்றார். அவர் கையைத் தூக்கினால் எல்லாரும் பங்கர்க் குழிக்குள் ஓட ஆயத்தமாக வேண்டும்.

அவன் முழுப் பலத்தோடு சுற்றினான். பாட்டு எங்கேயோ மேலே போகிறது, என் கம்பிகள் கீழே கிடக்கின்றன.

"வேகமாய்ச் சுத்துறாய். சுருதி சேரேல்லை."

"இதுதானடா பாட்டு. நான் கரண்டில கேட்டனான்."

"எப்ப கேட்டனி? எத்தினை வருசத்துக்கு முந்தி?"

அவன் மணிக்கூட்டைப் பார்த்தான். "சரி, இன்னொருக்கா. அதுதான் கடைசி" என்றான்.

ஐந்து கம்பிகளை மேலே ஏற்றினேன். ஆறாவதை, அந்த பிறேக் இழையை, அரைச்சுற்று முறுக்கினேன். 'டிக்' என்றது. கையை எடுத்துவிட்டேன். அறுந்தால் மாற்ற இழை இல்லை. மணி மூன்றரை.

"தம்பி, எல்லாத்தையும் பழையபடி இறக்கு" என்றார் அக்கா. பிறகு சிநேகிதனிடம், "நீ எழும்பு. கிற்றார் பாட்டுக்கு வராட்டி, பாட்டைக் கிற்றாருக்குக் கொண்டு வருவம்."

"அது கள்ளமக்கா!"

"என்ன கள்ளம்? வாசிக்கிறது அவன். சுத்துறது நான். சைக்கிளும் என்ர."

என்னை ஒரு கம்பியைத் தட்டச் சொன்னார். தலையைச் சரித்துக் கேட்டபடி மெல்ல மெல்லச் சுற்றினார். குரல் ஏறி ஏறி வந்து என் கம்பியின் சத்தத்தில் சரியாகக் குந்தியது. பென்சிலால் கசற்றைப் பின்னுக்குச் சுற்றித் தொடங்கினோம்.

பாதிப் பாட்டில் அம்மாவின் கை உயர்ந்தது.

அக்காவின் கை நின்றது. பாட்டுக்காரன் முனகி அடங்கினான். தூரத்தில் ஓர் இரைச்சல். பங்கர் வாசல் பத்து எட்டு வைக்கும் தூரம். என் விரல்கள் விட்ட இடத்திலேயே கம்பிகளை அழுத்திக்கொண்டிருந்தன. எடுத்தால் மறந்துவிடும் போலிருந்தது. இரைச்சல் கிழக்கே போய்க் கரைந்தது. அம்மா கையை இறக்கினார்.

அக்கா மறுபடி சுற்றினார். குரல் ஏறிவந்து அதே இடத்தில் நின்றது. நானும் சேர்ந்துகொண்டேன். முடியும்வரை பிறகு நிற்கவில்லை.

வெளியே உழவு இயந்திரத்தின் ஹோர்ன் கேட்டது. சிநேகிதன் கசற்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான்.

"இடையில நிண்டதுதானே" என்றான்.

நான் கிற்றாரை அவனிடம் நீட்டினேன்.

"ஆனால் நிண்டது நீயில்லை, அக்காதான்." கிற்றாரின் கழுத்தை ஒருமுறை தடவினான். "மழைக்குள்ள வைச்சிடாத" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

உழவு இயந்திரப் பெட்டியில் ஏறியவன் கையைக் காட்டினான். நான் வாசலிலிருந்து திரும்பி வந்தபோது அக்கா வலது தோளைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்திருந்தார்.

"இன்னொருக்கா வாசி. பத்து நாளாய்ச் சுத்தினதுதான், இருந்து கேக்கேல்லை."

வாசித்தேன். மூன்றாவது வரியில் விரல் தடுக்கி நின்றுவிட்டேன்.

"பரவாயில்லை" என்றார் அக்கா. "அவன் போயிட்டான்."